கற்க அமர்ந்த துறவி: திருக்கோவிலூர்த் தபோவனமும் இந்து – கிறித்தவ உரையாடலும்

ஆய்வுச்சுருக்கம்

பிரெஞ்சு நாட்டு பெனடிக்டின் துறவியான ஆன்றி லெ சோ என்னும் அபிஷிக்தானந்தர், திருக்கோவிலூருக்கு அருகிலுள்ள தபோவனத்தில் சுவாமி ஞானானந்தகிரியை 1955ஆம் ஆண்டு சந்தித்தார். தமிழகச் சமய உரையாடல் வரலாற்றில் அச்சந்திப்பு பெறும் இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. வழக்காடும் முறையிலிருந்து, பிற சமயத்தவரிடம் மாணவராக அமர்ந்து கற்கும் முறைக்கு உரையாடல் நகர்ந்ததே அதன் சிறப்பு என்பதும், அம்முறைக்கும் எட்டாத எல்லைகள் இருந்தன என்பதும் இங்குச் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சமய உரையாடல், அபிஷிக்தானந்தர், ஞானானந்தகிரி, திருக்கோவிலூர், சாந்திவனம்.

முன்னுரை

2019ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டம் பல சமயங்களின் தடங்களைத் தாங்கிய நிலப்பகுதியாகும். அதியமான் நெடுமான் அஞ்சி துறவியருக்குப் பாளி அளித்த செய்தியை ஜம்பைத் தமிழிக் கல்வெட்டு தருகிறது. திருநறுங்கொண்டையில் சமண வழிபாடு இன்றும் தொடர்கிறது. முதலாழ்வார் மூவரும் இருள் சூழ்ந்த இடைகழியில் ஒருவரையொருவர் கண்டதாக வைணவ மரபு கூறும் இடம் திருக்கோவிலூர். மெய்ப்பொருள் நாயனாரின் ஊரும் அதுவே.

எனினும், பல சமயங்கள் ஓரிடத்தில் நிலவுதல் வேறு. அவை ஒன்றையொன்று அறிய முயலுதல் வேறு. இரண்டாவதற்கு இவ்வட்டாரம் தரும் சான்றாக 1955ஆம் ஆண்டுச் சந்திப்பு அமைகிறது.

முந்தைய முறைகள்

பிற சமயக் கொள்கைகளைக் கேட்டறியும் மரபு தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத் தலைவி வஞ்சி நகரில் சமயக் கணக்கர் பலரின் கொள்கைகளைக் கேட்கிறாள். சிவஞான சித்தியாரின் பரபக்கம் பிற சமயக் கொள்கைகளை வரிசைப்படுத்திக் கூறி மறுக்கிறது. இவ்விடங்களில், கேட்டல் என்பது ஒன்றைத் தேர்தற்கோ பிறவற்றை மறுத்தற்கோ உரிய படியாக அமைகிறது.

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி சந்நியாசிக் கோலம் பூண்டு, தமிழில் சமய நூல்கள் இயற்றினார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, தமிழரிடம் வினாக்கள் விடுத்து அவர்தம் விடைக் கடிதங்களைத் திரட்டினார். அவை செருமானிய மொழியில் வெளியாயின. இருவரும் தமிழ்ச் சமூகத்தை ஊன்றிக் கற்றவர்களே. ஆயின் அக்கல்வி, கற்பித்தல் என்னும் நோக்கத்துக்குத் துணையாக நின்றது.

தபோவனத்தில் நிகழ்ந்த மாற்றம்

1948இல் இந்தியா வந்த லெ சோ, 1950இல் ஜூல் மோன்ஷனேன் என்னும் அருட்பணியாளருடன் இணைந்து குளித்தலைக்கு அருகே காவிரிக் கரையில் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினார். அதுவே சாந்திவனம் எனப் பெயர் பெற்றது. கிறித்தவ மும்மைக் கோட்பாட்டைச் சச்சிதானந்தம் என்னும் வேதாந்தச் சொல்லால் உணர்த்த முயன்றதை அப்பெயரே காட்டும். 1949இல் இரமணரைக் கண்டதும், பின்னர் அருணாசலக் குகைகளில் தங்கியதும் அவரது சிந்தனையை ஆழமாக மாற்றின.

1955 டிசம்பரில் அவர் ஞானானந்தகிரியைச் சந்தித்தார். 1956இன் தொடக்கத்தில் தபோவனத்தில் சில வாரங்கள் தங்கினார். இங்குக் கருதத்தக்கது, அவர் ஏற்ற நிலையாகும். ஒப்பாய்வாளராகவோ விருந்தினராகவோ அன்றி, சீடராகவே அவர் அமர்ந்தார். துவைதம், அத்துவைதம் குறித்த தருக்க வினாக்களை ஞானானந்தகிரி ஊக்குவிக்கவில்லை. அவ்வினாக்களை எழுப்புபவன் யார் என்று உள்நோக்கித் தியானிக்குமாறு நெறிப்படுத்தினார். கோட்பாட்டு ஒப்பீடு பின்தள்ளப்பட, குரு–சீட உறவே உரையாடலின் களமாயிற்று.

இதன் விலை சிறிதன்று. தமது கிறித்தவ விசுவாசத்துக்கும் அத்துவைத அனுபவத்துக்கும் இடையே அவர் பட்ட துன்பத்தை, மறைவுக்குப் பின் இரெய்மோன் பணிக்கர் பதிப்பித்த நாட்குறிப்புகள் காட்டுகின்றன. அத்துவைத ஈடுபாட்டில் அவர் சென்ற தொலைவை மோன்ஷனேன் ஏற்கவில்லை. 1950களில் எழுதிய ‘குகாந்தரம்’ திருச்சபைத் தணிக்கையைக் கடக்கவில்லை. தபோவன அனுபவத்தை விவரிக்கும் நூல் 1970இல்தான் பிரெஞ்சில் வெளிவந்தது. அதிலும் அவர் தம்மை ‘வன்யா’ என்னும் பெயரில் படர்க்கையிலேயே குறிப்பிட்டார். இடைப்பட்ட காலத்தில், பிற சமயங்களில் உள்ள உண்மையானவற்றையும் தூயனவற்றையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்திருந்தது. 1973இல் மறையும் வரை அவர் அருட்பணியாளராகவே நீடித்தார். ஒரு சமயத்தைக் கைவிடாமலே மற்றொன்றிடம் கற்க இயலுமா என்னும் வினாவை, விடையின்றியே அவர் வாழ்ந்து காட்டினார் எனலாம்.

வேடமும் ஐயமும்

மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றில் பகைவன் முத்தநாதன் திருநீற்று வேடம் புனைந்து, சுவடியுள் படை மறைத்து வருகிறான். குத்துண்ட நிலையிலும் நாயனார் அவ்வேடத்தை மதித்து, அவனுக்குத் தீங்கு நேராமல் ஊர்ப்புறம் கொண்டு விடுமாறு பணிக்கிறார். வேடத்தை நம்புதல், அதனுள் மறைந்த நோக்கம் என்னும் இவ்விரண்டும் காவியுடுத்த கிறித்தவத் துறவியரைப் பற்றிய விவாதத்திலும் மீண்டும் எழுந்தன. சீதாராம் கோயல் 1988இல் வெளியிட்ட நூல், கத்தோலிக்க ஆசிரமங்களை மதமாற்றத்தின் புதிய உத்தி எனக் கண்டித்தது. நோபிலி முதலான முன்னோடிகளின் நோக்கத்தைக் கருதினால், இவ்வையம் வரலாற்று அடிப்படையற்றது எனத் தள்ளிவிட இயலாது. ஆயினும் அபிஷிக்தானந்தரின் நாட்குறிப்புகளில் வெளிப்படும் அகப்போராட்டம், அவரை அவ்வரிசையில் எளிதில் அடக்கவிடுவதில்லை.

உரையாடலின் எல்லை

மற்றொரு குறை இதனினும் ஆழமானது. இவ்வுரையாடல் உபநிடதங்களையும் அத்துவைதத்தையுமே இந்து சமயத்தின் உயிர்நிலையாகக் கொண்டது. அதே வட்டாரத்துக் கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் கரிராமன் வழிபாடோ, சமவெளிச் சிற்றூர்களின் அம்மன், அய்யனார் வழிபாடுகளோ அதன் கருத்தெல்லைக்குள் வரவில்லை. சாதி பற்றிய வினாவும் பின்தங்கியது. 1980களில் உருப்பெற்ற தலித் இறையியல், இத்தகைய ஆசிரம இறையியலை உயர்சாதி மரபுசார்ந்தது என விமரிசித்தமைக்கு இதுவே காரணம். யாரிடம் கற்பது என்னும் தேர்விலேயே யாரைக் கேளாது விடுவது என்னும் முடிவும் அடங்கியுள்ளது.

முடிவுரை

திருக்கோவிலூர்ச் சந்திப்பு, சமய உரையாடலில் கேட்போரின் நிலையை மாற்றியது. பிற சமயத்தை மறுத்தற்காகவோ கற்பித்தற்காகவோ அறிதல் என்பதிலிருந்து, தன் நிலை அசையக்கூடும் என அறிந்தே கற்றல் என்பதற்கு அது நகர்ந்தது. அம்முறையை வேதாந்தக் குருவிடத்தோடு நிறுத்தாமல், மலைவாழ் மக்களிடத்தும் சிற்றூர் வழிபாட்டாளரிடத்தும் விரிக்கும்போதே அதன் பயன் முழுமைபெறும்.