லாம்பிக் பியர்

லாம்பிக் என்பது பெல்ஜியம் நாட்டின் தலைநகரான பிரசெல்ஸ் நகரிலும், அதன் தென்மேற்கே உள்ள பாயோட்டன்லாந்து பகுதியிலும் காய்ச்சப்படும் புளிப்புச் சுவையுள்ள பியர் வகை ஆகும். பெரும்பாலான பியர்களில் தனியே வளர்க்கப்பட்ட ஈஸ்ட் சேர்க்கப்படுகிறது. லாம்பிக்கில் அவ்வாறு எதுவும் சேர்ப்பதில்லை. காற்றிலும், ஆலைக் கட்டடத்திலும், பீப்பாய் மரத்திலும் வாழும் நுண்ணுயிர்களே அதை நொதிக்கச் செய்கின்றன. இது தன்னியல்பு நொதித்தல் எனப்படும். வழமையான பியரை எதிர்பார்த்து அருந்துவோர் இதைக் கெட்டுப்போனது என்று எண்ணிவிடுவது உண்டு. உண்மையில் இப்புளிப்பு திட்டமிட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெறப்படுவது.

தயாரிப்பு முறை

முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையுடன் 30 முதல் 40 விழுக்காடு வரை முளைகட்டாத கோதுமை சேர்க்கப்படுகிறது. ஹாப்ஸ் பூக்கள் ஓரிரு ஆண்டுகள் பழையனவாக இருக்கும். பழைய பூக்களில் கசப்பு குறைந்திருந்தாலும், வேண்டாத பாக்டீரியாக்களைத் தடுக்கும் ஆற்றல் எஞ்சியிருக்கும். பல மணி நேரம் கொதித்த சாறு, அகன்று ஆழமற்ற திறந்த தொட்டியில் இரவு முழுதும் ஆறவிடப்பட்டு, மறுநாள் மரப் பீப்பாய்களுக்கு மாற்றப்படுகிறது.

பீப்பாயினுள் நுண்ணுயிர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகுகின்றன. முதலில் குடல்வகை பாக்டீரியாக்கள், பின்னர் சர்க்கரையை ஆல்ககோலாக மாற்றும் ஈஸ்ட், அதன்பின் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். இக்கட்டத்தில் பியர் சிலவேளை எண்ணெய் போல வழுவழுப்பாகிவிடும். இறுதியில் பிரெட்டானோமைசிஸ் என்னும் காட்டு ஈஸ்ட் அந்த வழுவழுப்பைச் சிதைத்துத் தெளியச் செய்கிறது. 1904 இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த கிளாசென் இந்த ஈஸ்டுக்குப் பெயரிட்டார். அவர் அதை ஆங்கிலேய பியரில் கண்டதால் 'பிரித்தானியப் பூஞ்சை' என்று பொருள்படும் பெயர் அமைந்தது.

பழைய ஆலைகளில் சிலந்தி வலைகளைக் கலைப்பதில்லை. பழ ஈக்களைச் சிலந்திகள் பிடித்துவிடும் என்பது காரணம்.

வகைகள்

ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு லாம்பிக்குகளைக் கலந்து புட்டியில் மீண்டும் நொதிக்கவிட்டால் கிடைப்பது கூஸ். இளைய லாம்பிக்கில் எஞ்சிய சர்க்கரையே புட்டியில் குமிழிகளை உண்டாக்குகிறது. புளிப்புச் செர்ரிப் பழங்களை ஊறவைத்தால் கிரீக். சர்க்கரை சேர்த்தது ஃபாரோ.

சுவைத்தல்

கலக்காத லாம்பிக்கில் நுரையோ குமிழியோ ஏறக்குறைய இராது. அதைக் குறையாகக் கருதக்கூடாது. கூஸ் புட்டியைக் கூடையில் சாய்த்து வைத்து, அடியில் தங்கிய வண்டல் கலங்காமல் ஊற்றுவது மரபு. மிகவும் குளிர்ந்திருந்தால் மணம் அடங்கிவிடும்.

முகரும்போது பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், வைக்கோல், குதிரைச் சேணம் ஆகியவற்றை ஒத்த மணங்கள் தோன்றும். கடைசி இரண்டும் பிரெட்டானோமைசிஸ் தருபவை. புளிப்பைப் பிரித்தறிவதே சுவைப்பவரின் முதன்மையான பணி. தயிரில் உள்ள அதே லாக்டிக் அமிலத்தின் புளிப்பு மென்மையானது. அதுவே இங்கு விரும்பப்படுவது. தொண்டையை அரிக்கும் வினிகர்ப் புளிப்பு மிகுந்தால், பீப்பாயில் காற்று புகுந்துள்ளது எனக் கொள்ளலாம். பின்னர் ஓக் மரத்தின் துவர்ப்பு நாவில் நிற்கும். கசப்பு மிகக் குறைவு.

முகப்புச்சீட்டையும் பார்க்கவேண்டும். கூஸ் என்ற பெயரில் இனிப்பூட்டப்பட்ட பியர்களும் விற்கப்படுகின்றன. 'பழைய' எனப் பொருள்படும் 'அவுடெ' என்னும் சொல்லுடன் கூடிய கூஸ், 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்புப் பெற்றது. இதில் முழுதும் தன்னியல்பாக நொதித்த பியரே இருக்கவேண்டும்; கலவையின் மிகப் பழைய பகுதி மரத்தில் மூன்றாண்டேனும் இருந்திருக்கவேண்டும்.

தட்பவெப்பமும் எதிர்காலமும்

சாறு இரவில் மெதுவாக ஆறவேண்டியிருப்பதால் காய்ச்சும் பணி ஏறத்தாழ அக்டோபர் முதல் ஏப்ரல் வரை மட்டுமே நடைபெறுகிறது. வெப்பமான இரவுகளில் கேடு விளைவிக்கும் பாக்டீரியாக்கள் மிகுந்துவிடும். பிரசெல்ஸின் ஆண்டர்லெக்ட் பகுதியில் 1900 இல் தொடங்கப்பட்ட காண்டியோன் ஆலை, 2015 நவம்பரில் இரவுகள் குளிராததால் சில நாட்களின் பணியைக் கைவிட நேர்ந்தது. தொட்டியைக் கருவிகொண்டு குளிரூட்டுவது எளிது. ஆனால் திறந்த தொட்டியில் இரவுக் காற்றில் ஆறவிடும் முறை அத்துடன் மறைந்துவிடும்.