மக்கும் தட்டு, குவளைகள்

ஒருமுறை பயன்படுத்தி எறியும் தட்டு, குவளை, கிண்ணம், கரண்டி ஆகியவற்றில், நுண்ணுயிர்களால் சிதைந்து உரமாகும் என்று சொல்லி விற்கப்படுபவை மக்கும் உணவுக்கலன்கள் எனப்படுகின்றன. பாக்கு மட்டை, கரும்புச் சக்கை, காகிதம், மக்காச்சோளம் போன்ற பயிர்களின் மாவுச்சத்திலிருந்து செய்யப்படும் பாலிலாக்டிக் அமிலம் (பி.எல்.ஏ.) ஆகியவை இவற்றின் முக்கிய மூலப்பொருள்கள். நெகிழித் தட்டு, குவளைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும் இந்தியா முழுவதும் 2022 ஜூலை 1 முதலும் தடை வந்தது. அந்த இடத்தை நிரப்பவே இவை பெருமளவில் கடைகளுக்கு வந்தன.

ஒரு பொருள் மக்கக்கூடியதா என்பது ஒரு கேள்வி. எறிந்த இடத்தில் அது மக்குமா என்பது வேறு கேள்வி. சான்றிதழ்கள் முதல் கேள்விக்கு மட்டுமே விடை தருகின்றன. ஐரோப்பாவின் இ.என். 13432 தரநெறிப்படி, 12 வாரம் உரமாக்கியபின் சலித்தால் 2 மி.மீ. சல்லடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கக்கூடாது. ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் உயிர்ச்சிதைவு அடைய வேண்டும். கன உலோகங்களுக்கு வரம்பு உண்டு. கிடைக்கும் உரத்தில் பயிர் முளைக்கிறதா என்றும் பார்ப்பார்கள். நல்ல சோதனைதான். ஆனால் அது நடப்பது சுமார் 58 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், காற்றும் ஈரமும் அளவாக உள்ள சூழலில்.

பி.எல்.ஏ.வுக்கு அந்த வெப்பம் தேவை. 60 டிகிரியை நெருங்கும்போதுதான் அது இளகுகிறது. நீர் அதன் நீண்ட மூலக்கூறுகளை வேகமாக அறுக்கிறது. அதன்பிறகே நுண்ணுயிர்களால் அதைத் தின்ன முடியும். மாடித் தோட்டத்து உரத்தொட்டியோ கடலோ அந்தச் சூட்டைத் தருவதில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் 2022இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டிலேயே மக்கும் என்று முத்திரை பெற்ற நெகிழிகளில் 60 சதவீதம் பிரிட்டன் வீடுகளின் உரத்தொட்டிகளில் முழுமையாகச் சிதையவில்லை. தொழில்முறை உரக்கூடங்களும் இவற்றை விரும்பி ஏற்பதில்லை. தங்களுக்கு இத்தகைய கலன்கள் வேண்டாம் என்று அமெரிக்காவின் ஓரிகன் மாநில உரத் தயாரிப்பாளர்கள் 2019இல் கூட்டாக அறிவித்தனர்.

காகிதக் குவளையின் நிலை இன்னும் மோசம். பயன்படுத்திய ஒன்றை வெந்நீரில் ஊறவைத்து விரலால் தேய்த்தால் காகிதம் கூழாகிப் போகும். உட்புறம் ஒட்டியிருந்த மெல்லிய பாலித்தீன் படலம் மட்டும் கையில் மிஞ்சும். தமிழ்நாட்டின் தடைப் பட்டியலில் இந்தக் குவளையும் இருக்கிறது; தேநீர்க் கடைகளிலிருந்து இன்னும் மறையவில்லை. சூடான பானம் 15 நிமிடம் இதில் இருந்தால் 100 மி.லி.யில் ஏறத்தாழ 25,000 நுண்நெகிழித் துகள்கள் கலக்கின்றன என்று கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வு காட்டியது.

கரும்புச் சக்கைத் தட்டு எளிதில் மக்கும். ஆனால் எண்ணெயும் குழம்பும் ஊறாமலிருக்க, பலகாலம் சிதையாத ஃபுளூரின் வேதிப்பொருள்கள் (பி.எஃப்.ஏ.எஸ்.) சிலவற்றில் சேர்க்கப்பட்டன. தட்டு மக்கினாலும் அவை உரத்தின் வழியே மண்ணுக்குப் போகும். உணவு உறையாகும் காகிதத்திலும் அட்டையிலும் இவற்றை டென்மார்க் 2020இல் தடை செய்தது.

பாக்கு மட்டைத் தட்டுக்குப் பசையோ பூச்சோ கிடையாது. தானாக உதிர்ந்த மட்டையை ஊறவைத்துக் கழுவி, சூடான அச்சில் அழுத்தினால் தட்டு தயார். மக்குவதில் இதற்குக் குறையே இல்லை. எனினும் பாக்கின் ஆல்கலாய்டுகள் உணவில் இறங்கக்கூடும் என்று கூறி, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025இல் இத்தட்டுகளை உணவுப் பயன்பாட்டுக்கு ஏற்க மறுத்தது. ஏற்றுமதியை நம்பியிருந்த தமிழக, கர்நாடகச் சிறு தொழில்களுக்கு இது பேரிடி.

எந்தத் தட்டானாலும் குப்பைமேட்டின் அடியில், காற்றுப்படாமல் அழுகினால் மீத்தேன் வெளியாகிறது; நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு புவியைச் சூடாக்கும் வாயு அது. ஆகவே, ஈரக் குப்பையோடு தனியே பிரித்து உரக்குழிக்கு அனுப்பும் ஏற்பாடு இல்லாத ஊரில் இக்கலன்களைச் சுற்றுச்சூழலுக்கு உகந்தவை என்று அழைப்பது சரியாகாது.

வாழையிலையும் தைத்த மந்தார இலையும் சாதாரண உரக்குழியிலேயே மக்கிவிடும். கழுவி மீண்டும் பயன்படுத்தும் கலன்கள் பெரும்பாலும் இவை எல்லாவற்றையும்விட மேலானவை. பிரான்சில் 2023 ஜனவரி முதல், 20 பேராவது அமரக்கூடிய உணவகங்கள் அங்கேயே சாப்பிடுவோருக்கு அத்தகைய கலன்களில்தான் பரிமாற வேண்டும் என்பது சட்டம். நம் ஊர்களிலும் விசேஷங்களுக்கு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வாடகைக்குக் கிடைக்கின்றன.