சேலஞ்சர் விண்ணோடமும் எடுபடாத எச்சரிக்கையும்

பணியிடத்தில் ஓர் ஆபத்தை எப்படி எடுத்துரைப்பது என்பதற்குச் சேலஞ்சர் விண்ணோட விபத்து ஒரு வரலாற்றுப் பாடமாகும்.

1986 சனவரி 27 இரவு, உந்துகலன்களைத் தயாரித்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள் ரோஜர் பாய்ஜோலி, ஆர்னி தாம்சன் ஆகியோர் தொலைபேசிக் கலந்தாய்வில் நாசாவை எச்சரித்தனர். உந்துகலன் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துவிடும் என்றும், வளையங்களின் வெப்பநிலை சுமார் 12 பாகை செல்சியசுக்குக் குறைந்தால் ஏவக்கூடாது என்றும் அந்நிறுவனம் கூறியது. ஆனால் வெப்பமான நாளில் ஏவியபோதும் வளையத்தில் வாயுக் கசிவு ஏற்பட்டிருந்தது. நாசா அதிகாரிகள் அதைச் சுட்டி எதிர்வாதம் செய்தனர். பின்னர் தயோக்கால் மேலாளர்கள் தனியே பேசி, ஏவுவதற்கு ஒப்புதல் அளித்தனர். மறுநாள் ஏவிய 73 வினாடிகளில் விண்ணோடம் சிதைந்து, எழுவர் இறந்தனர்.

பழுதில்லாத பறப்புகளையும் சேர்த்து ஒரே வரைபடத்தில் அன்று காட்டவில்லை. விசாரணைக் குழு அவ்வாறு வரைந்தபோது உண்மை தெளிவானது: 18 பாகைக்கு மேலான 20 பறப்புகளில் மூன்றில் மட்டுமே பழுது, அதற்குக் கீழான நான்கிலும் பழுது.

பிப்ரவரி 11 அன்று, குழு உறுப்பினரான இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் வளையத் துண்டு ஒன்றைப் பற்றுக்கருவியால் அழுத்தி, பனிக்கட்டி நீரில் இட்டு எடுத்தார். பிடியைத் தளர்த்தியும் அது உடனே பழைய வடிவுக்குத் திரும்பவில்லை. பொறியாளர்கள் சொன்னதும் இதுவே. எனினும் பிழை அவர்களுடையது மட்டுமன்று. பாதுகாப்பற்றது என்பதை மெய்ப்பிக்கும் சுமையை அவர்கள்மீதே ஏற்றியவர்களுக்கும் அதில் பங்குண்டு.