தேயிலையைச் சிவக்கச் செய்யும் நொதி

வாழைக்காயை அரிந்தவுடன் தண்ணீரில் இடுவது நம் வீட்டு வழக்கம். இடாவிட்டால் காற்றுப்பட்டுக் கறுத்துவிடும். பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், திரிங்காப் போன்ற ஊர்களைச் சூழ்ந்த சரிவுகளிற் கிள்ளப்படும் தேயிலைக் கொழுந்து ஆலையிலே செம்பழுப்பாவதும் இவ்வகை மாற்றமே. இரண்டிலும் தொழிற்படுவது ‘பாலிபீனால் ஆக்சிடேஸ்’ என்னும் நொதியாகும்.

இம்மலையை வில்லியம் கேமரன் 1885இல் அளந்தார்; 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். மலைச்சரிவுகளிற் கொழுந்து கிள்ளியோருள் தமிழர் பலர். ஆலையில் நிகழும் நிறமாற்றத்தைத் தொழில் வழக்கில் ‘பெர்மெண்டேஷன்’ என்பர். அதனைப் ‘புளிக்கவைத்தல்’ என்று நாம் தமிழாக்கினால் பொருள் பிழைபடும். கள்ளும் மாவும் புளிப்பது நுண்ணுயிர்களால். கொழுந்து சிவப்பதோ தன்னுள் இருக்கும் நொதியால்.

இவ்வுண்மை படிப்படியாகவே புலப்பட்டது. சப்பானிய அரக்குமரப் பால் இறுகுவதற்கு ஒரு நொதியே காரணம் என 1883இல் யோஷிதா கண்டார். தேயிலையிலும் அத்தகைய நொதி உண்டென்பதை ஹெரால்டு மான் 1901இல் கல்கத்தாவில் வெளியிட்ட ஆய்வு விளக்கியது. இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் எச். பி. ஸ்ரீரங்காச்சார் அந்நொதியின் இயல்பை ஆராய்ந்து 1943இல் கட்டுரை வெளியிட்டார்.

செம்பு அணுக்களைத் தாங்கிய புரதம் இது. உயிருள்ள இலையில் நொதி பசுங்கணிகத்திலும், கேட்டெச்சின் என்னும் துவர்ப்புப் பொருள்கள் நுண்குமிழியிலும் பிரிந்திருக்கும். வாட்டிய கொழுந்தை உருட்டும்போது உயிரணுக்கள் சிதைந்து இரண்டும் கலக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு நொதி கேட்டெச்சின்களைக் குயினோன்களாக்கும். அவை இணைந்து, சாயத்திற்குப் பொன்னிறம் தரும் தியாஃபிளேவினும் செந்நிறம் தரும் தியாரூபிஜினும் உண்டாகும். குயினோன்கள் புரதங்களையும் பற்றி உருமாற்றும். அந்நொதியும் அதற்குத் தப்புவதில்லை. பூச்சி கடித்த இலையில், இவ்வாறு உருமாறிய புரதம் பூச்சிக்கு எளிதிற் செரிப்பதில்லை. ஆகவே, நமக்குச் சுவை தரும் இவ்வினை செடிக்குக் காப்புமாகும்.

சூடான காற்றில் உலர்த்தும்போது நொதி செயலிழக்கும். பச்சைத் தேயிலைக்கோ, உருட்டுமுன்பே சூடேற்றி நொதியை அடக்கிவிடுவர்.

எனவே, வகுப்பறையில் இதனை ‘ஆக்சிஜனேற்றம்’ என்றே கூறுதல் தகும். பெற்றோர் கிள்ளிய கொழுந்தில் என்ன நிகழ்ந்தது என்பதைத் தோட்டத்துப் பிள்ளை தன் தாய்மொழியில் பிழையின்றி அறிதல் வேண்டும். அதற்கு உரிய சொல்லைக் கொடுப்பது தமிழாசிரியரின் கடமையாகும்.