மாடல் டி ஃபோர்டின் பின்விளக்கு

மாடல் டி ஃபோர்டின் பின்விளக்கு என்பது, அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை தயாரித்த மாடல் டி காரின் பின்புறத்தில் இடப்பக்கமாக இருந்த ஒற்றைச் சிவப்பு விளக்கு. முதலில் மண்ணெண்ணெயில் எரிந்தது, பின்னாளில் மின்சாரத்துக்கு மாறியது. ஒன்றரைக் கோடிக்கும் மேல் விற்ற கார் என்பதால் ஓடும் நிலையில் இன்றும் நிறைய மிஞ்சியிருக்கின்றன. விழாக்களுக்கும் ஊர்வலங்களுக்கும் அவற்றைச் சாலையில் எடுத்துவருகிறார்கள். அப்போது பின்னால் வருபவர் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வருகிறார். பழைய தோற்றம் கெடாமல் அவர் கண்ணில் படுமாறு இந்த விளக்கைத் திருத்தியமைப்பது பழங்காலக் கார் சீரமைப்பில் தனி வேலையாகவே வளர்ந்துவிட்டது.

அசல் விளக்கு

மண்ணெண்ணெய்ப் பின்விளக்கு பார்ப்பதற்கு ரயில்வே கைவிளக்கின் தம்பி போல இருக்கும். தகரத்தாலான கூடு, மேலே புகை போக ஒரு தொப்பி, அடியில் திரியோடு கூடிய எண்ணெய்க் கிண்ணம். பின்னோக்கிச் சிவப்புக் கண்ணாடி ஒன்று. பக்கவாட்டில் நிறமற்ற சிறு கண்ணாடி இன்னொன்று. எண் பலகை மேல் வெளிச்சம் விழுவதற்காக அது. ‘இங்கே ஒரு வண்டி இருக்கிறது’ என்று சொல்வதும் எண்ணைக் காட்டுவதும்தான் அதற்கு வேலை. வண்டி நிற்கப்போகிறதா, திரும்பப்போகிறதா என்பதை ஓட்டுநரின் கை சொல்லும்.

தொடக்கக் கால விளக்குகள் பித்தளையில் பளபளத்தன. பிறகு கறுப்பு வண்ணம் அடித்த தகடு வந்தது. முன்விளக்குகள் 1914 வரை கால்சியம் கார்பைடில் நீர் சொட்டி எடுக்கும் அசிட்டிலீன் வாயுவில் எரிந்தன. 1915-இல் அவை மட்டும் மின்விளக்காயின. மின்சாரம் எஞ்சினின் பறக்குஞ்சக்கரத்தில் (ஃப்ளைவீல்) இருந்த மேக்னட்டோ என்ற காந்த மின்னாக்கியிலிருந்து வந்தது. எஞ்சின் வேகமெடுத்தால் வெளிச்சம் பெருகும், மெதுவாக ஓடினால் மங்கும். பின்விளக்கை இந்த ஏற்ற இறக்கத்திடம் ஒப்படைக்காமல் மண்ணெண்ணெயிலேயே விட்டுவைத்தார்கள். கார் நின்றாலும் திரி எரியும் என்பதால் அது நல்ல முடிவுதான். 1919 முதல் ஸ்டார்ட்டரும் 6 வோல்ட் பேட்டரியும் வந்த கார்களில் சிறிய மின் பின்விளக்கு வந்தது. பிரேக் விளக்கு மாடல் டியில் கடைசிவரை தொழிற்சாலைப் பொருத்தமாக வரவில்லை.

குறை எங்கே

முதல் குறை விளக்கு ஒன்றே ஒன்று என்பது. இருட்டில் ஒற்றைச் சிவப்புப் புள்ளி மோட்டார் சைக்கிளாகத் தெரியும். இரண்டு புள்ளிகள் இருந்தால் அவற்றுக்கிடையே உள்ள இடைவெளியை வைத்துத் தூரத்தையும், அந்த இடைவெளி விரிகிற வேகத்தை வைத்து நெருங்கும் வேகத்தையும் கண் தானாகவே கணக்குப் போடும். ஒற்றைப் புள்ளியில் அந்தக் கணக்குக்கு வழியில்லை. அடுத்தது வெளிச்சம். அசல் மின்விளக்கில் போடும் 6 வோல்ட் பல்பு 2 அல்லது 3 கேண்டில்பவர்தான். மூன்றாவது, பிரேக் விளக்கே இல்லாதது. மாடல் டியின் உச்ச வேகம் மணிக்கு 65 முதல் 70 கிலோமீட்டர். வேகம் குறைவது பின்னால் வருபவருக்குத் தெரியாவிட்டால் மற்ற எல்லாத் திருத்தங்களும் பாதிப் பயன்தான்.

கூட்டைத் தொடாமல்

மண்ணெண்ணெய் விளக்கை மின்விளக்காக்கும்போது அசல் எண்ணெய்க் கிண்ணத்தில் துளை போடுபவர்கள் உண்டு. அது செய்யக்கூடாத காரியம். கிண்ணத்தைக் கழற்றித் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அதே இடத்தில் அமரும் ஒரு தகட்டில் பல்பு ஹோல்டரை ஈயம் வைத்துப் பற்றவைப்பதே சரி. நாளை வேறொருவர் காட்சிக்கு வைக்க விரும்பினால் ஐந்து நிமிடத்தில் பழையபடி மாற்றிவிடலாம். வலப்பக்கத்துக்கு அதே அச்சில் செய்த புது விளக்கு ஒன்றை வாங்கி, ஏற்கெனவே இருக்கும் போல்ட் துளையிலேயே தாங்கி வைத்து மாட்டலாம். அசல் காரில் ஒரே விளக்குதானே என்று காட்சி நடுவர் கேட்கக்கூடும். நடுவருக்காகக் கழற்றலாம், சாலைக்காக மாட்டலாம்.

இனி பல்பு. ஒரே கூட்டில் பின்விளக்கும் பிரேக் விளக்கும் வேண்டுமென்றால் இரண்டு இழை கொண்ட பல்பு தேவை. அமெரிக்க எண் முறையில் 6 வோல்ட்டுக்கு 1154 என்ற பல்பு அது: ஓர் இழை 3 கேண்டில்பவர், மற்றது 21. ஏழு மடங்கு வித்தியாசம் இருப்பதால்தான் பிரேக் மிதித்தது பின்னால் வருபவருக்கு உறைக்கிறது. இந்தப் பல்பின் அடியில் இருக்கும் இரண்டு ஊசிகளும் ஒரே உயரத்தில் இருக்காது. ஒன்று சற்று மேலே, ஒன்று சற்றுக் கீழே. ஆகவே ஹோல்டருக்குள் ஒரே ஒரு விதமாகத்தான் நுழையும். பழைய ஹோல்டர்கள் பலவற்றில் ஊசிகள் சம உயரத்துக்கானவை. அவற்றில் சம ஊசிப் பல்பைத் திருப்பிப் போட்டாலும் நுழைந்துவிடும், எரியவும் எரியும். ஆனால் பெரிய இழை பின்விளக்காக எரிந்துகொண்டிருக்க, பிரேக் மிதிக்கும்போது சின்ன இழைதான் சேர்ந்துகொள்ளும். வெளிச்சம் கூடியதே தெரியாது. கார் கொட்டகைக்குள் ‘எரியுதா?’ ‘எரியுது’ என்று கேட்டுக்கொள்கிற சோதனையில் இந்தத் தவறு அகப்படாது. விளக்கை முதலில் எரியவிட்டு, அதன்பின் பிரேக்கை மிதித்துப் பார்க்க வேண்டும்.

கூட்டின் உட்புறத்தைச் சுத்தம் செய்து வெள்ளை வண்ணம் அடித்தால், பெரிதாகக் காசு செலவழிக்காமலே வெளிச்சம் கூடும். துருப்பிடித்த கறுப்புத் தகடு பாதி ஒளியை விழுங்கிவிடுகிறது.

எல்.இ.டி. பல்புகள் வந்தபின் வேலை எளிதாயிற்று. குறைந்த மின்சாரம், அதிக ஒளி, சூடு குறைவு. சாதாரண இழைப் பல்பு முழு ஒளிக்கு வர ஏறக்குறைய 0.2 நொடி எடுக்கும், எல்.இ.டி. உடனே எரியும். மணிக்கு 100 கிலோமீட்டரில் வருபவருக்கு அந்த இடைவெளியில் ஐந்தரை மீட்டர் மிச்சம். ஆனால் வாங்கும்போது நிறத்தைக் கவனிக்க வேண்டும். வெள்ளை எல்.இ.டி.யின் ஒளியில் சிவப்புப் பங்கு குறைவு. சிவப்புக் கண்ணாடி மற்ற நிறங்களைத் தடுத்துவிடும் என்பதால் வெளியே வருவது சோகையாக இருக்கும். சிவப்புக் கண்ணாடிக்குப் பின் சிவப்பு எல்.இ.டி.தான் போட வேண்டும். அப்படிப் போட்டால் பக்கவாட்டுச் சாளரம் வழியாக எண் பலகையும் சிவந்துவிடும்! அதற்காகவே பின்பக்கம் சிவப்பும் பக்கவாட்டில் வெள்ளையுமாகப் புள்ளிகள் பதித்த பல்புகள் விற்கின்றன. கிடைக்காவிட்டால் எண் பலகைக்குத் தனியாக ஒரு சிறு வெள்ளை விளக்கு வைப்பதே வழி.

எல்.இ.டி.க்கு மின்முனை முக்கியம். மாடல் டியில் பேட்டரியின் எதிர்முனை அடிச்சட்டத்தோடு இணைந்தது, அதாவது அதுதான் எர்த். அதற்கடுத்து வந்த மாடல் ஏ காரிலோ நேர்முனை எர்த். ஒன்றுக்கு வாங்கியதை மற்றொன்றில் போட்டால் எரியாது, சில பல்புகள் கெட்டும்போகும்.

சிவப்பு லென்ஸின் நடுவே நீலக் கண்ணாடிப் பொட்டு பதிப்பது, பழைய கார்களை வேகத்துக்காக மாற்றியமைக்கும் அமெரிக்க ஹாட் ராட் கார்க்காரர்களிடம் ஒரு மோகம். தூரத்திலிருந்து ஒளி ஊதாவாகத் தெரியும். அழகுதான். ஆனால் பின்விளக்கு சிவப்பாகவே தெரிய வேண்டும் என்கிற மாநிலங்களில் அது சட்டத்துக்குப் புறம்பு.

பிரேக் ஸ்விட்ச்

மாடல் டியில் மூன்று பெடல்கள். இடது பெடல் கியருக்கு, நடுவிலுள்ளது பின்னோக்கிச் செல்ல, வலது பெடல் பிரேக்குக்கு. வலது பெடலை மிதித்தால் கியர் பெட்டிக்குள் சுழலும் உருளையை ஒரு பட்டை இறுக்கிப் பிடிக்கும். பின்சக்கரங்களில் உள்ள பிரேக் கைநெம்புகோலுக்கு உரியது. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிரேக் இல்லாததால், பிற்காலக் கார்களின் அழுத்த ஸ்விட்சை இங்கே மாட்ட முடியாது. இழுத்தால் எரியும் ஸ்விட்ச் ஒன்றைச் சட்டத்தில் பொருத்தி, மெல்லிய ஸ்பிரிங் வழியாக வலது பெடலின் தண்டோடு இணைப்பார்கள். நேரடியாகக் கம்பி கட்டினால் பெடல் நகரும் முழு நீளமும் ஸ்விட்ச் மேல் பாய்ந்து சில நாளில் பிய்த்துவிடும். மிச்ச நீளத்தை ஸ்பிரிங் தாங்கிக்கொள்ளும். பட்டை உருளையைக் கவ்வுவதற்கு முன்பே, பாதத்தின் கனம் பட்டதுமே விளக்கு எரியுமாறு நீளத்தைத் திருத்த வேண்டும். பட்டை தேயத் தேயப் பெடல் கீழே இறங்கும். பட்டையை இறுக்கும்போதெல்லாம் ஸ்விட்சையும் பார்ப்பது நல்லது.

இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அனுபவசாலிகள் பலர் இந்தக் காரைப் பிரேக் மிதிக்காமலே மெதுவாக்குவார்கள்: ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள கைநெம்பால் எரிபொருளைக் குறைப்பார்கள், அல்லது இடது பெடலைத் தாழ்கியருக்கு அழுத்துவார்கள். அப்போது விளக்கு எரியாது. வலது பெடலை லேசாகத் தொட்டு விளக்கை முன்கூட்டியே காட்டும் பழக்கத்தை ஓட்டுநர்தான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

வயரும் எர்த்தும்

6 வோல்ட் காரில் விளக்கு மங்கினால் பல்பைக் குறை சொல்வதற்கு முன் வயரைப் பார்க்க வேண்டும். 21 வாட் எடுக்கும் பல்புக்கு 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் போதும். 6 வோல்ட்டில் 3.5 ஆம்பியர் ஓட வேண்டும். இழைப் பல்பின் ஒளி மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகச் சரியும். மெல்லிய வயரிலும் பழைய இணைப்புகளிலும் அரை வோல்ட் தொலைந்தால் 6 வோல்ட் விளக்கில் ஏறக்குறைய கால்வாசி வெளிச்சம் போய்விடும். ஆகவே தடித்த வயரும், சுத்தமான இணைப்பும் வேண்டும். வெளியே பருத்தி நூல் பின்னிய, உள்ளே இன்றைய பிளாஸ்டிக் உறை கொண்ட வயர் கிடைக்கிறது. கண்ணுக்கு 1920, உள்ளுக்கு இன்றைய பாதுகாப்பு.

எர்த் இன்னொரு பொறி. விளக்கின் தாங்கி வண்ணமடித்த மட்கார்டில் உட்கார்ந்திருக்கும். மாடல் டியின் உடலுக்குள்ளேயோ மரச்சட்டம். வண்ணத்தையும் மரத்தையும் நம்பி மின்சாரம் திரும்பி வராது. விளக்குக் கூட்டிலிருந்து அடிச்சட்டத்துக்குத் தனி எர்த் வயர் இழுத்துவிட வேண்டும். எர்த் விட்டுப்போன இரட்டை இழைப் பல்பு வேடிக்கை காட்டும்: ஓர் இழைக்குப் போன மின்சாரம் மற்ற இழை வழியாகத் திரும்ப வழி தேடி, வேறு விளக்குகளை மங்கலாக எரியவைக்கும்.

மாடல் டியின் அசல் மின்சுற்றில் ஃப்யூஸ் கிடையாது. புதிதாக எதை இணைத்தாலும் பேட்டரிப் பக்கத்திலேயே ஃப்யூஸ் வைத்துத் தொடங்க வேண்டும். இதைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று: பேட்டரி மின்சாரம் தவறியும் மேக்னட்டோவின் முனையைத் தொடக்கூடாது. தொட்டால் பறக்குஞ்சக்கரத்தில் உள்ள காந்தங்கள் வலுவிழந்துவிடும், எஞ்சினைக் கழற்றித்தான் சரிசெய்ய முடியும். ஒரு பின்விளக்குக்கு அது அதிக விலை. இன்னொன்று, இந்தக் காரில் பேட்டரிக்கு மின்னேற்றும் டைனமோவுக்கு மின்னழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவி கிடையாது. ஓடும்போது பேட்டரி இணைப்பு கழன்றால் மின்னழுத்தம் எகிறிப் பல்புகள் எல்லாம் போய்விடும்.

பேட்டரியே இல்லாத ஆரம்பக் கால மேக்னட்டோ கார்களில் பின்விளக்குக்கென்று தனி பேட்டரி வைக்கிறார்கள். இருக்கைக்கடியில் மறையக்கூடிய 6 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மூடிய பேட்டரி, மொத்தம் 2 வாட் எடுக்கும் எல்.இ.டி. விளக்குகளைக் கணக்குப்படி 21 மணி நேரம் தாங்கும். மேக்னட்டோவிலிருந்து நேரே எல்.இ.டி.க்கு வயர் கொடுப்பது தற்கொலைக்குச் சமம். எஞ்சின் சீறும்போது அங்கே மின்னழுத்தம் பல மடங்காகிவிடும்.

கழற்றி மாட்டும் பட்டை

காரில் எதையுமே தொட விரும்பாதவர்கள் பின்விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் மூன்றையும் ஒரு பலகையில் பொருத்தி, தோல் வாரால் பின்புறம் கட்டிக்கொள்கிறார்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் கழற்றிவிடலாம். தோற்றம் கெட்டாலும் பாதுகாப்பில் இதற்கு இணை இல்லை. சிலர் ஆரஞ்சு முக்கோணச் சின்னம் மாட்டுவதும் உண்டு. அது அமெரிக்காவில் மணிக்கு 25 மைலுக்குக் கீழே செல்லும் டிராக்டர்களுக்கும் குதிரை வண்டிகளுக்கும் உரியது. 40 மைலில் ஓடும் காரில் அதை மாட்டினால் சின்னமும் பொய் சொல்லும்.

சட்டம்

பிரிட்டனில் மான்செஸ்டரில் 1911 முதல் மாடல் டி தயாரானது. அங்கே 1989-ஆம் ஆண்டு விளக்கு விதிகளின்படி, 1936-க்கு முன் சாலைக்கு வந்த வண்டிக்குப் பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் கட்டாயமில்லை. விதி கேட்காததால் பின்னால் வருபவர் மன்னித்துவிடுவார் என்று பொருளல்ல. பெரும்பாலான உரிமையாளர்கள் மாட்டியே வைக்கிறார்கள்.

இந்தியாவில் 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழங்கால வாகனங்களுக்கென்று தனி விதிகள் சேர்க்கப்பட்டன. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்குசக்கர வாகனங்களுக்கு, எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகளோடு பதிவு வழங்கப்படுகிறது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. அன்றாடப் பயன்பாட்டுக்கும் வணிகத்துக்கும் இந்த வண்டிகளை ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு எடுத்துவரலாம். வாகனம் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், பெரிய மாற்றங்கள் கூடாது என்பது நிபந்தனை. பெரிய மாற்றம் என்று விதி பெயர்சொல்லிக் குறிப்பவை அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகிய மூன்றும்தான். பின்விளக்குக்குள் இருக்கும் பல்பு அந்தப் பட்டியலில் இல்லை.