மேக்பெயின்டின் வாரிசுகள்

1984 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் மேக்கின்டாஷ் கணினி கடைக்கு வந்தபோது, அதனோடு சேர்த்தே கொடுக்கப்பட்ட ஓவிய மென்பொருள் மேக்பெயின்ட். எழுதியவர் பில் அட்கின்சன். பென்சில், தூரிகை, ரப்பர், சுருக்குக்கயிறு, சாயவாளி எல்லாம் சின்னஞ்சிறு படங்களாகத் திரையின் இடப்பக்கம் வரிசைகட்டி நின்றன. வாளி இருந்ததே தவிர அதில் சாயம் இல்லை. கருப்பும் வெள்ளையும்தான். சாம்பல் நிறம் வேண்டுமென்றால்கூடப் புள்ளிகளை நெருக்கியோ கலைத்தோ போட்டுக் கண்ணை ஏமாற்ற வேண்டும். காமிக்ஸ் வரைவோருக்கான மென்பொருளும் குழந்தைகளுக்கான மென்பொருளும் பிறந்தது இந்தக் கருப்பு வெள்ளைத் திரையிலிருந்துதான். இரண்டுக்கும் வழிவிட்டது அதன் திறமையைவிட அதன் இடைஞ்சல்களே.

முதலில் இடித்துக்கொண்டவர்கள் காமிக்ஸ்காரர்கள். 1985-இல் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் காமிக்ஸ் பதிப்பகம் ‘ஷேட்டர்’ என்ற சித்திரக்கதையை வெளியிட்டது. கதை பீட்டர் கில்லிஸ், ஓவியம் மைக் சேன்ஸ். முழுக்கக் கணினியில் வரைந்து விற்பனைக்கு வந்த முதல் காமிக்ஸ் என்று பெயர் வாங்கியது இது. மேக்பெயின்டின் ஒரு தாள் 576 பிக்சல் அகலம், 720 பிக்சல் உயரம். வரையும் சாளரமோ 416-க்கு 240. ஆக, எந்த நேரத்திலும் பக்கத்தின் ஏறக்குறையக் கால் பங்குதான் ஓவியரின் கண்ணில் படும். நாயகனின் முகத்தை வரையும்போது அவன் கால் எங்கே நிற்கிறது என்பதை நினைவில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் பேனாவால் அல்ல, சோப்புக்கட்டி போன்ற மவுஸால். வரைந்த பக்கங்கள் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அச்சாகி வந்தன; அவற்றுக்கு வண்ணம் தீட்டியது பழையபடி மனிதக் கைதான். வளைகோடுகள் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரிந்தாலும், எதிர்கால நகரத்தில் நடக்கும் துப்பறியும் கதைக்கு அந்தச் சொரசொரப்பு ஒருவகையில் பொருந்தியே போனது. சேன்ஸ் விலகிய பிறகு சில இதழ்களுக்குப் படங்களைத் தாளில் வரைந்து, பிறகு கணினிக்குள் ஏற்றினார்கள். கணினிக் காமிக்ஸ் என்ற பெயரைக் காப்பாற்றத் தாளே கைகொடுக்க வேண்டியிருந்தது.

இன்னொரு இடைஞ்சல் ஒரு வீட்டுக்குள் தெரியவந்தது. ஒரேகான் பல்கலைக்கழகத்தில் கலை கற்பித்தவர், புகைப்படக் கலைஞர் கிரெய்க் ஹிக்மன். 1988-இல் அவருடைய மூன்று வயது மகன் மேக்பெயின்டில் கிறுக்கத் தொடங்கினான். மவுஸைப் பிடிக்கும் விதம் அவனுக்குச் சீக்கிரமே கைவந்துவிட்டது. ஆனால் கை கொஞ்சம் மேலே போனால் மெனு விழும். வேண்டாத ஏதோ ஒன்று திறந்து படத்தை மறைக்கும். எழுத்துத் தெரியாத பிள்ளை அதிலிருந்து எப்படி வெளியே வருவான்? ஹிக்மன் தாமே ஒரு மென்பொருள் எழுதி, 1989-இல் அதை இலவசமாகவே பரப்பினார். பெயர் கிட் பிக்ஸ். 1991-இல் பிராடர்பண்ட் நிறுவனம் அதை வண்ணத்தோடும் ஒலியோடும் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

மேக்பெயின்டில் இருந்ததைக் குறைப்பதில் தொடங்கியவர், அதில் இல்லாத ஒன்றைச் சேர்த்தார்: விளையாட்டு. கருவிகள் எல்லாம் இடப்பக்கம், எடுத்த கருவியின் வகைகள் படத்துக்குக் கீழே. எதுவும் மெனுவுக்குள் ஒளியவில்லை. மெனுவையே மறைத்துவிடும் சின்னக் குழந்தை முறையும் உண்டு. ஒரு தூரிகையை இழுத்தால் சாயம் சொட்டுச் சொட்டாக வழியும். இன்னொன்றால் தொட்ட இடத்தில் கிளைவிட்டு மரம் முளைக்கும், ஒருமுறை முளைத்த மரம்போல் மறுமுறை முளைக்காது. எழுத்தை அழுத்தினால் அதன் பெயரைச் சொல்லும், ஆங்கிலத்திலோ ஸ்பானிய மொழியிலோ. எல்லாவற்றையும்விடப் பிள்ளைகளை இழுத்தது ரப்பர் வரிசை. அதில் ஒன்று வெடி. அதை எடுத்துப் படத்தில் வைத்தால் ‘டமார்’ என்ற சத்தத்தோடு அரைமணி நேர உழைப்பு பறந்துபோய் வெள்ளைத்திரை மிஞ்சும். பெரியவர்களின் மென்பொருளில் அழிப்பது தவறைத் திருத்தும் வேலை. கிட் பிக்ஸில் அழிப்பதற்காகவே வரைந்த குழந்தைகள் உண்டு. ஹிக்மனின் மிகச் சரியான கணிப்பு இதுவே எனலாம்.

காமிக்ஸ் பக்கம் பெரிய மாற்றம் ஜப்பானிலிருந்து வந்தது. அங்கே மங்கா ஓவியர்கள் நிழலுக்குப் புள்ளி அச்சடித்த ஒட்டுத்தாளைக் கத்தியால் வெட்டிப் படத்தின்மேல் ஒட்டுவார்கள். வேகத்தைக் காட்ட ஒரே புள்ளியை நோக்கிப் பாயும் நூற்றுக்கணக்கான கோடுகளை ஸ்கேல் வைத்து இழுப்பார்கள். டோக்கியோவின் செல்சிஸ் நிறுவனம் 2001-இல் வெளியிட்ட காமிக்ஸ்டுடியோ இந்த இரண்டு வேலைகளையும், கட்டம் பிரிப்பதையும் திரைக்குள் கொண்டுவந்தது. 2012-இல் வந்த கிளிப் ஸ்டுடியோ பெயின்ட் அதன் வாரிசு.

லினக்ஸ் கணினிகளில் கிட் பிக்ஸுக்கு ஈடாக எதுவும் இல்லாத நிலையில், அமெரிக்காவின் பில் கென்ட்ரிக் 2002-இல் டக்ஸ் பெயின்ட் எழுதத் தொடங்கினார். விலை கிடையாது, மூல நிரலும் திறந்தே கிடந்தது. அதனால் பல நாட்டுத் தன்னார்வலர்கள் அதைத் தங்கள் மொழிக்கு மாற்றினார்கள். தமிழிலும் அது உண்டு. தமிழ்நாட்டின் ஏழாம் வகுப்பு அறிவியல் பாடநூலிலும் இடம்பிடித்தது. திரையின் அடியில் ஒரு பென்குயின் நின்று குறிப்புச் சொல்லும். படத்தைச் சேமிக்கும்போது கோப்புக்குப் பெயர் கேட்காது, எந்த இடத்தில் வைப்பது என்றும் கேட்காது. மறுநாள் திறந்தால் பழைய படங்கள் எல்லாம் சிறு வில்லைகளாக வரிசையில் நிற்கும். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளை தன் யானையைப் பார்த்தே கண்டுபிடித்து, விட்ட இடத்திலிருந்து தும்பிக்கையை வரைந்துகொள்ளலாம்.