காவலர் குற்றமும் பொறுப்புடையாரும்: தென்னாபிரிக்க வரலாற்றில் ஒரு வழக்கு

சிலப்பதிகாரத்திற் கோவலனை வெட்டி வீழ்த்தியவன் ஒரு காவலன்; ஆராயாது ஆணையிட்டவன் பாண்டியன்; பொய்யுரைத்து அவ்வாணைக்கு ஏதுவானவன் பொற்கொல்லன். கண்ணகி வழக்குரைத்தபோது அரசன் ஏனை இருவரையுஞ் சுட்டித் தான் தப்ப முயலவில்லை. குற்றம் தன்னதே என ஏற்று அவ்விடத்தே உயிர் துறந்தான். இக்கால அரசுகளின் நிலை வேறு. ஆணையிடுவோர் பலர், அதனை நிறைவேற்றுவோர் பலர், இவ்விருவருக்கும் வலுவளிப்பது சட்டம். இத்தகைய அரசிற் காவலர் கையிற் குடிமகன் ஒருவன் இறப்பின், பொறுப்பு யாரைச் சாரும்? இவ்வினா கூர்மையாக எழுந்த நாடுகளுள் ஒன்று தென்னாபிரிக்கா.

அந்நாட்டில் 1948ஆம் ஆண்டு தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1950ஆம் ஆண்டின் குடித்தொகைப் பதிவுச் சட்டம் மக்கள் ஒவ்வொருவரையும் இனவாரியாக வகுத்துப் பதிவு செய்தது. கறுப்பின மக்கள் அனுமதிப் புத்தகமின்றி நகரங்களில் நடமாடுதல் குற்றமாயிற்று. இவ்வனுமதி முறையை எதிர்த்து 1960ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் ஷார்ப்வில் என்னும் ஊரிற் பொலிஸ் நிலையத்தின் முன் மக்கள் திரண்டனர். பொலிசார் சுட்டதில் 69 பேர் இறந்தனர். அவருட் பலர் முதுகிற் சுடப்பட்டவர். அடுத்த ஆண்டிற் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அது ஷார்ப்வில் நிகழ்ச்சி நாள் முதலாகவே செல்லுபடியாகும் வகையில், அரச அலுவலர் மீது நட்டஈடு கோரி வழக்குத் தொடுப்பதைத் தடுத்தது. 1967ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டம், விசாரணையின்றிக் கால எல்லையுமின்றி ஒருவரைத் தடுத்து வைக்கும் அதிகாரத்தைப் பொலிசாருக்கு வழங்கிற்று. இவ்வாறாக, காவலரின் கைக்கு வலுவும் காப்பும் ஒருங்கே அளித்தது சட்டமே.

இச்சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டவருள் ஒருவர் ஸ்டீவ் பிக்கோ. கறுப்பின விழிப்புணர்ச்சி இயக்கத்தின் தலைவராக விளங்கிய இவர், 1977ஆம் ஆண்டு ஓகஸ்ட் 18ஆம் நாள் வீதித்தடை ஒன்றிற் கைது செய்யப்பட்டார். போட் எலிசபெத் நகரில் ஆடையின்றி, விலங்கிடப்பட்டு வைக்கப்பட்டார். செப்டெம்பர் முற்பகுதியில் நடைபெற்ற விசாரணையின்போது அவர் தலையிற் கடுங்காயமுற்றார். அந்நிலையிலேயே வாகனமொன்றின் பின்புறத்திற் கிடத்தப்பட்டு, 1,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள பிரிற்றோரியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். செப்டெம்பர் 12ஆம் நாள் அங்கே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 30. உண்ணாநோன்பே இறப்புக்குக் காரணம் என்னுங் கருத்துப்பட அமைச்சர் முதலிற் பேசினார். பிரேத பரிசோதனையோ மூளையிலேற்பட்ட காயத்தைக் காட்டிற்று.

அவ்வாண்டின் இறுதியில் மரண விசாரணை நடைபெற்றது. பிக்கோ குடும்பத்தின் சார்பிற் சட்டத்தரணி சிட்னி கென்றிட்ச் பொலிசாரைக் குறுக்கு விசாரணை செய்தார். கைதி திமிறியபோது தலை சுவரில் மோதியிருக்கலாம் என்பதே அவர்தம் வாதம். காயத்தின் உண்மை மறுக்கப்படவில்லை; காயம் விளைத்தவர் மட்டும் இலர் என ஆயிற்று. எவர் செயலும் குற்றமாகாது என நீதிவான் சில நிமிடங்களில் முடிவு கூறினார். 1979ஆம் ஆண்டு அரசு குடும்பத்தாருக்கு 65,000 ராண்ட் வழங்கி இணக்கங் கண்டது. பணம் கொடுக்கப்பட்டது, பொறுப்பு ஏற்கப்படவில்லை.

கைதியைப் பார்வையிட்ட மருத்துவர் இருவர் தங் கடமையிற் தவறினர் என்ற முறைப்பாட்டையும் மருத்துவப் பேரவை 1980இல் ஒதுக்கிவிட்டது. ஆயின் அத்தொழிலைச் சேர்ந்த வேறு மருத்துவர் சிலர் தம் பேரவைக்கு எதிராகவே நீதிமன்றஞ் சென்றனர். 1985இல் நீதிமன்றம் மீள்விசாரணைக்கு ஆணையிட்டது. அதன் பயனாக இருவரும் குற்றங் காணப்பட்டு, ஒருவர் மருத்துவர் பதிவினின்றும் நீக்கப்பட்டார். நிறவொதுக்கல் ஆட்சி நிலவிய காலத்திலேயே இது நிகழ்ந்தமை கருதத்தக்கது. முறைமையின் அழுத்தம் மனச்சாட்சியை முற்றாக அழித்துவிடுவதில்லை என்பதற்கு அம்மருத்துவர் சான்றாவர்.

1994ஆம் ஆண்டு ஆட்சி மாறியது. அடுத்த ஆண்டின் சட்டப்படி உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு அமைந்தது. பேராயர் டெஸ்மண்ட் ருற்று அதன் தலைவரானார். அரசியல் நோக்குடன் குற்றஞ் செய்தவர் உண்மை முழுவதையும் வெளியிடின் பொதுமன்னிப்புப் பெறலாம். மனம் வருந்தல்கூட நிபந்தனையன்று. பிக்கோ குடும்பத்தார் இதனை எதிர்த்து அரசியலமைப்பு நீதிமன்றஞ் சென்றனர். கொன்றவரை நீதிமன்றில் நிறுத்தும் உரிமை தமக்கு மறுக்கப்படுகின்றது என்பது அவர்தம் வாதம். 1996ஆம் ஆண்டு யூலையில் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. நீதியரசர் இஸ்மாயில் மகமது எழுதிய தீர்ப்பு, குடும்பத்தாரின் துயரை மதித்தே மறுமொழி கூறிற்று: நடந்ததை அறிந்தவர் செய்தவரே, அவர் வாய் திறத்தற்கு மன்னிப்பென்னும் ஊக்கம் வேண்டும், இன்றேல் உண்மையும் கிட்டாது, அமைதியான ஆட்சிமாற்றமும் நிலையாது.

இரு தரப்பினரும் நேர்மையாளரே. ஒரு தரப்பு நீதியை வேண்டிற்று. மறு தரப்பு உண்மையை வேண்டிற்று. பிக்கோ வழக்கிலோ இரண்டும் கிட்டவில்லை. 1997இல் முன்னாட் பொலிஸ் உத்தியோகத்தர் ஐவர் மன்னிப்புக்கு விண்ணப்பித்தனர். எனினும் சுவரில் மோதிய பழைய கதையையே மீண்டும் உரைத்தனர். குற்றஞ் செய்யவில்லை என்பார்க்கு எக்குற்றத்தை மன்னிப்பது? 1999இல் அவர்க்கு மன்னிப்பு மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டோர் மீது வழக்குத் தொடுக்கப்படுமென்பதே திட்டத்தின் அடிப்படை. ஆயின் 2003இற் சாட்சியங் குறைவு, காலங் கடந்தது என்று கூறி அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டது.

இவ்வரலாற்றினின்று இருவேறு கருத்துகள் எழுகின்றன. தனிக் காவலரைக் குற்றவாளியாக்குவது சட்டமியற்றியவரையும் அதனால் நலம் பெற்றவரையும் தப்பவிடுவதாகும் என்பர் ஒருசாரார். முறைமையையே குறை கூறின், அடித்த கை தப்பிவிடும் என்பர் மற்றொருசாரார். இரண்டிலும் உண்மை உண்டு. எனினும் நிறவொதுக்கலின் இயல்பை ஆராய்வார்க்கு ஒன்று புலப்படும். அக்கொள்கை மனிதனை மனிதனாகக் காணாது ஒரு வகுப்பின் துணுக்காகவே கண்டது. பிக்கோவின் உயிர் மலிவாகக் கருதப்பட்டது அவர் இன்னார் என்பதாலன்று. இன்ன இனத்தார் என்பதால். “முறைமையே செய்தது, நானல்லேன்” என்னும் காவலரின் மறுமொழியும் அதே நோக்கினின்று பிறந்ததே. அதுவும் மனிதனைக் கூட்டத்துள் மறைக்கின்றது. ஆகலின், “இதனைச் செய்தவர் யார்? ஆணையிட்டவர் யார்? சட்டமியற்றியவர் யார்?” எனப் பெயர் சுட்டி வினாவுதல் வெறும் பழிவாங்கலன்று, இறந்தவரும் கொன்றவரும் தனித்தனி மனிதர் என்பதை மீள நிறுவும் செயலாகும்.

அவ்வினாவுக்குக் காலம் கடப்பதில்லை. 1971இற் பொலிஸ் காவலில் இறந்த அகமட் ரிமோல் மாடியினின்று தாமே குதித்தார் என 1972இல் முடிவு கூறப்பட்டிருந்தது. உறவினரின் விடாமுயற்சியால் 2017இல் மீள விசாரித்த நீதிமன்றம், அது கொலையே எனத் தீர்த்தது. அடுத்த ஆண்டிற் குற்றஞ்சாட்டப்பட்ட முன்னாட் பொலிஸ் உத்தியோகத்தர் வழக்கு முடியுமுன்னரே 2021இல் இறந்தார். பிக்கோவின் மரண விசாரணையும் 2025ஆம் ஆண்டு செப்டெம்பரில், அவர் இறந்து 48 ஆண்டுகள் நிறைந்த நாளில், மீளத் தொடங்கப்பட்டது. சான்று கூறவேண்டியவரிற் பலர் மறைந்துவிட்டனர். பாண்டியன் ஒரு கணத்தில் ஏற்ற பொறுப்பை ஒரு நாடு அரை நூற்றாண்டாகத் தேடுகின்றது. பிந்திய நீதி குறையுடைத்தே. எனினும் அதனைத் தேடாது விடுதல், எவர் செயலும் குற்றமாகாது என்ற 1977ஆம் ஆண்டின் முடிவை மீண்டும் ஒருமுறை எழுதுவதாகும்.